தையல்காரர் வீட்டுத் தீபாவளி: கதை படித்ததிலும் எழுதியதிலும் நான் கற்றது

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பாளையங்கோட்டையில் இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். வீடு கோவில்பட்டி. அப்பா தையல்காரர்.

போன வருடம் கல்லூரியில் நடந்த சிறுகதைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கதை இதுதான். தீபாவளிக்கு முந்தைய இரவு. ஊருக்கெல்லாம் புதுத்துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரர் வீட்டில் பிள்ளைக்குப் புதுச்சட்டை இல்லை. மெஷின் இரவெல்லாம் கடகடவென்று ஓடுகிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கத்தரியால் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். விடியற்காலையில் கடைசிச் சட்டையை முடிக்கும்போது அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுகிறது. முற்றும். பரிசு கொடுக்கும்போது நடுவர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கதையை ஜெராக்ஸ் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவர், ஆனால் தினத்தாளை விளம்பரம்கூட விடாமல் படிப்பார். தாள்கள் இரண்டு நாள் மெஷின் மேசையில் கிடந்தன. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கால் மூன்று இடங்களில் குறி போட்டிருந்தார்.

முதல் குறி ‘கடகட’வின் கீழே. “எண்ணெய் போடாத மெஷின்தான் கடகடக்கும். என் மெஷின் என்றைக்காவது அப்படிச் சத்தம் போட்டிருக்கிறதா?”

இரண்டாவது கத்தரி. “துணி வெட்டுகிற கத்தரியால் யாராவது காகிதம் வெட்டுவார்களா? கூர் போய்விடும். சின்ன வயதில் நீ ஒரு தடவை எடுத்தாயே, என்ன வாங்கினாய் என்று மறந்துவிட்டதா?” மறக்கவில்லை. முதுகில் வாங்கினேன்.

மூன்றாவது கண்ணீர். “அடுத்தவன் துணியில் வேர்வை படக்கூடாது என்றுதான் கழுத்தில் துண்டோடு உட்கார்கிறேன். பட்டுத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் தெரியும். காலையில் அவன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?”

இதற்கெல்லாம் சிரித்துவிட்டேன். பிறகு அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. “உனக்கு எந்தத் தீபாவளிக்கு ஐயா சட்டை இல்லாமல் போயிற்று?”

எந்தத் தீபாவளிக்கும் இல்லாமல் போகவில்லை. தையல்காரர் வீட்டில் துணிக்கு என்ன பஞ்சம்? நேரத்துக்குத்தான் பஞ்சம். எல்லார் துணியும் முடிந்து, காலை நான்கு மணிக்கு மேல்தான் என் சட்டை மெஷினில் ஏறும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்பேன். ஒரு வருடம் பட்டன் கட்ட நேரமில்லாமல் ஊக்கு குத்தி அனுப்பினார்கள். எல்லாம் வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணி. காலர் ஒரு நிறம், கை ஒரு நிறம், பை வேறொரு நிறம். அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. இப்படி ஒரு சட்டை இந்தத் தெருவில் எவனிடமும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்படியென்றால் அந்தச் சட்டையில்லாத பிள்ளையை எங்கிருந்து கொண்டுவந்தேன்? யோசித்துப் பார்த்தால், பிளஸ் டூ படிக்கும்போது நூலகத்தில் வாசித்த கதைகளிலிருந்து. குறிப்பாக கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. மங்கம்மாள் என்ற ஏழைச் சிறுமி தன்னுடைய தீபாவளித் துணியை ஓர் அநாதைப் பையனுக்குக் கொடுக்கும் இடம் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. அந்த வறுமையை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து எங்கள் வீட்டில் நட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கிறேன். நிறையப் படிப்பது எழுதுகிறவனைக் கெடுக்குமா?


கட்டைவிரல் எழுதியது:

முதலில் இதைச் சொல். பரிசைத் திருப்பிக் கொடுத்தாயா?


நூல்கண்டு எழுதியது:

நான்கு புத்தகங்கள் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.


மேலத்தெரு வாசகன் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா போட்ட குறிகளோடு நான்காவதாக ஒன்றை நான் போடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கதையில் மங்கம்மாள் தன் துணியைக் கொடுப்பதில்லை. கணவனுக்காக வாங்கி வைத்திருந்த துண்டை அவள் தாய்தான் அந்தப் பையனுக்குக் கொடுக்கிறாள். அதுவும் பொழுது போகாமல் கொடுத்ததல்ல. சிரங்கு பிடித்த உடம்பைக் குளிப்பாட்டிவிட்டு, இனி இவனுக்கு எதைக் கட்டிவிடுவது என்று தவித்துக் கொடுக்கிறாள்.

இன்னொன்று. அந்தக் கதை எதில் தொடங்குகிறது என்று ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளின் போட்டியில். உன்னிடம் இது இருக்கிறதா, என்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வெல்லும் ஆட்டம். எதிரே நிற்பவன் பணக்கார வீட்டு ராமசாமி. கதையின் முடிவில் அவன் தன் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை அடிக்கிறான், ஜமீன்தார் மாப்பிள்ளையைச் சொல்கிறான். மங்கம்மாள் எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்று பதில் சொல்கிறாள், ஏனென்றால் அந்த அநாதைப் பையனின் பெயர் ராஜா. பலரும் இதைக் கருணையின் உச்சம் என்று கண்கலங்கிச் சொல்வார்கள். எனக்கு அறுபது வயதாகிறது, பத்துத் தடவையாவது படித்திருப்பேன். என் காதில் விழுவது ஆட்டத்தின் கடைசிக் காய் நகர்த்தல். அவன் வைத்த காய்க்கு அவள் பதில் காய் வைக்கிறாள். தான் செய்தது தருமம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அது தெரியாததால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். திரும்பப் படியுங்கள்.


புதுப்பேட்டை எழுதியது:

இந்தக் கதையை நான் படித்ததே இல்லை. இப்போது முடிவு தெரிந்துவிட்டது. மேலத்தெருவாருக்கு என் நன்றி.


மேலத்தெரு வாசகன் எழுதியது:

முடிவு தெரிந்தால் கெட்டுப்போகும் கதை இல்லை ஐயா அது. தைரியமாகப் படியுங்கள்.


கட்டைவிரல் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து ஒரு பையனைத் தப்பான வழியில் தள்ளுகிறீர்கள். அப்பா சொன்னபடி எண்ணெய், கத்தரி, பட்டு என்று திருத்திக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது தையற்கலைக் கையேடு. கதைக்குத் தகவல் எதற்கு? ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதும்போது புதுமைப்பித்தன் கடவுளிடம் போய்ச் சரிபார்த்தாரா?

கற்பனை செய்ய உரிமை இல்லையென்றால் எழுதாதே. தினத்தாளில் செய்தியாளனாகப் போ. தையல்காரன் அழக்கூடாதா என்ன? அழட்டும். துணியில் வட்டம் விழட்டும். அதிலிருந்து வேறு கதை கிளம்பும்.


வடகரை எழுதியது:

கட்டைவிரல் எடுத்த உதாரணமே அவர் காலை வாருகிறது. அந்தக் கதை வந்தது 1943இல். கடவுள் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனை தெரியும். டிராமில் போவதா நடந்தே போவதா என்று கந்தசாமிப் பிள்ளை போடும் சில்லறைக் கணக்கு தெரியும். ஓட்டல் காபியில் சிக்கரி கலந்திருப்பது தெரியும். கடவுள் அதைத் தன் லீலை என்று நினைத்துக்கொள்ள, பிள்ளை அது ஓட்டல்காரன் லீலை என்று திருத்துகிறாரே, அந்த இடத்தில்தான் நான் கடவுளை நம்பினேன். வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்டுக் கடவுளிடமே பிள்ளை ரூபாய் வாங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொய் பெரிதாக இருக்க இருக்க அதைத் தாங்கும் சில்லறை நிஜமாக இருக்க வேண்டியிருக்கிறது.

நூல்கண்டுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ படித்திருக்கிறாயா? படக்கம்பெனி அலுவலகத்துக்கு ஒருவர் வாய்ப்புக் கேட்டு வருகிறார், காதர் என்று பெயர். முதலில் பத்தோடு பதினொன்றாகத்தான் தெரிகிறார். எதற்கும் லாயக்கில்லாத ஆள் போல நிற்கிறார். அப்புறம் புலித்தலையை மாட்டிக்கொள்கிறார். நாற்காலி மேசைகளுக்கு நடுவே பாய்கிறாரே, படிக்கிற நாமே பின்வாங்குவோம். ஆட்டம் முடிந்ததும் தலையைக் கழற்றிவிட்டு மறுபடியும் கெஞ்சுகிற மனிதராகிவிடுகிறார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த அறையின் அலுப்பு, அங்கே வந்து நிற்பவர்களின் முகம் எல்லாம் அவர் கண்ணால் கண்டவை.

உன் கதையில் அப்பா தைக்கிறாரா? அழுகிறார், பெருமூச்சு விடுகிறார், தைப்பதை நான் பார்க்கவில்லை. பாய்ச்சல் இல்லாமல் கெஞ்சல் மட்டும் இருந்தால் அந்தக் கதையில் காதருக்குப் பத்தாவது வரியிலேயே நாம் கதவைச் சாத்தியிருப்போம்.


நூல்கண்டு எழுதியது:

மேலத்தெரு ஐயா, திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. துண்டுதான், தாய்தான். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதும்போது மட்டும்தான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். நான்கு வருடமாக ஞாபகத்திலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். ஆசிரியர் எழுதாத தியாகத்தை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டி, அதை நினைத்து நினைத்து நானே உருகியிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன ஆட்டத்தைப் படித்ததும் என் பிட்டுச் சட்டை ஞாபகம் வந்தது. ‘இந்தத் தெருவில் எவனிடமும் இல்லை’ என்று நான் திரிந்ததும் அதே ஆட்டம்தானே. எதிர்வீட்டில் ஒருவன் திருநெல்வேலியில் வாங்கிய ரெடிமேட் சட்டையோடு வந்து நின்றான், லேபிளைக்கூடப் பிய்க்கவில்லை. உன் சட்டையில் எத்தனை நிறம் என்று கேட்டேன். இரண்டு என்றான். என்னுடையதில் ஐந்து. அவன் உள்ளே போய்த் தன் அம்மாவிடம் அழுதான்.

கையில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணீர்ச் சொட்டை எழுதியிருக்கிறேன். என்ன சொல்ல.

வடகரை அண்ணா, ‘புலிக்கலைஞன்’ இனிமேல்தான் படிக்க வேண்டும். அப்பா தைப்பதை எழுதச் சொல்கிறீர்கள். இருபது வருடமாக அதே அறையில் படுத்து எழுந்திருக்கிறேன், எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. காலர் எப்படிப் பொருத்துகிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்டுவதற்கு முன்னால் பருத்தித் துணியை நனைத்துக் காயப்போடுவார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் காயப்போடுகிற வேலை என்னுடையது.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன். இந்தப் பிள்ளை இப்படி எழுதியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு கதைக்குப் பிறகும் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்டே பழகிவிட்டோம். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில், பாடத்தில் இல்லாவிட்டாலும் பிடித்ததை வாசிக்கலாமே என்று கி. ராஜநாராயணனின் ‘கதவு’ வாசித்தேன். பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி நின்று ஆட்டி, பஸ் விட்டு, டிக்கெட் கொடுத்து விளையாடுகிறார்கள். தீர்வை, அதாவது நிலவரி, பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு பிள்ளைகள் அந்தக் கதவைச் சாவடியில் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பே அமைதியாக இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. நீதி யாது என்று கேட்டுவிட்டேன். முதல் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, ‘தீர்வையைக் காலத்தில் கட்டிவிட வேண்டும், ஐயா’ என்றான்.

சரி என்று சொல்லி உட்கார வைத்தேன். வேறு என்ன செய்வது? கேள்வி அப்படி.

மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று கி.ரா. சொல்வதுண்டு. அவரைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து வைத்துக்கொண்டது. எங்களைப் போன்றவர்கள் கையில் முழுசாக அகப்படாமல் போனதால் தப்பித்தார் என்று நான் சக ஆசிரியர்களிடம் சொல்வேன். அவர்களுக்குப் பிடிக்காது.


மேலத்தெரு வாசகன் எழுதியது:

வாத்தியார் ஐயா சரியான கதையைத்தான் எடுத்தார். ‘கதவு’ம் ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. அழகிரிசாமியும் கி.ரா.வும் ஒரே ஊர், இடைசெவல். ஒரே வருடம் பிறந்தவர்கள், 1923. இருவரும் பிள்ளைகளை முதலில் விளையாடவிட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார்கள். நூல்கண்டு, கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில் நீங்கள் வாரந்தோறும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறீர்கள்.


நூல்கண்டு எழுதியது:

தாண்டித்தான் போகிறேன் ஐயா. பெரும்பாலும் தூங்கிக்கொண்டு.


கட்டைவிரல் எழுதியது:

இடைசெவல் பெருமை இருக்கட்டும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பையனின் அப்பாதான் இனிமேல் விமர்சகரா? ஒவ்வொரு பக்கத்தையும் சாக்குக் கட்டிக்குக் காட்டித்தான் எழுத வேண்டுமா?


ஈரோட்டுக்காரி எழுதியது:

முதல் பதிவிலிருந்து ஒன்று விடாமல் படித்தேன். கத்தரி வந்தது, மெஷின் வந்தது, சாக்குக் கட்டி வந்தது, காதர் வந்தார், கடவுளே வந்துவிட்டார். ஒரு ஆள் மட்டும் வரவில்லை. யார் கண்ணிலும் அது படவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

தம்பி, உங்கள் அம்மா எங்கே?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா கடைக்குக் காஜா, அதாவது சட்டையின் பட்டன் துளை, எடுத்துக் கொடுத்தவர். மாலையில் கடைப்பையன் மூட்டையைக் கொண்டுவந்து போடுவான், காலையில் எடுத்துப் போவான். முழுக்கைச் சட்டைக்கு எங்கள் கணக்கு ஒன்பது காஜா. பிளேடால் கீறி, ஓரத்தை நூலால் நெருக்கி நெருக்கிக் கட்ட வேண்டும். ஒன்று கோணினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். தீபாவளி மாதத்தில் அம்மா விரலைச் சோற்றில் வைத்தால் ரசத்தின் காரம் ஏறித் துடிப்பார், ஊசி குத்தின இடம் அவ்வளவு. சட்டை தைத்தது யார் என்று கேட்டால் தெருவே கடைக்காரர் பெயரைச் சொல்லும்.

உங்கள் முதல் பதிவில் ஒரு வரி: ‘ஒரு வருடம் பட்டன் கட்ட நேரமில்லாமல் ஊக்கு குத்தி அனுப்பினார்கள்.’ அனுப்பினார்கள் என்றால் யார்? பட்டன் கட்ட நேரமில்லாமல் போனது யாருக்கு? விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் தலையில் எண்ணெய் வைத்தது யார்? அதிரசமாவது தானாக வெந்ததா?

பரிசு வாங்கிய கதையிலும் தாய் இல்லை. செத்துப்போனாள் என்று எழுதினீர்களா, அல்லது எழுதவே மறந்துவிட்டீர்களா?


புதுப்பேட்டை எழுதியது:

ஐயோ.


கட்டைவிரல் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பையனிடம் இருக்கிறதா பார்ப்போம்.


வடகரை எழுதியது:

ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆள் எங்கே? அக்கா, பையனை விரட்டிவிட்டீர்கள்.


ஈரோட்டுக்காரி எழுதியது:

விரட்டினால் ஓடுகிற பிள்ளையாக இருந்தால் அப்பா குறி போட்ட அன்றே ஓடியிருக்கும். வருவான்.


நூல்கண்டு எழுதியது:

வந்துவிட்டேன் அக்கா. நடுவில் செய்முறைத் தேர்வு. அதோடு இதற்குப் பதில் எழுத வெட்கமாகவும் இருந்தது.

செத்துப்போனாள் என்று எழுதவில்லை. எழுதவே மறந்துவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகு கதையை எடுத்து வார்த்தை வார்த்தையாகத் தேடினேன். ‘அம்மா’ ஒரே ஒரு இடத்தில் வருகிறது. மகள் தூக்கத்தில் ‘அம்மா’ என்று முனகுகிறாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா நடையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். காஜாவுக்கு இப்போது எங்கள் பக்கம் மெஷின் வந்துவிட்டது, அங்கே கொடுத்து எடுத்துவிடுகிறார்கள். கொக்கியும், ஓரம் மடித்துத் தைக்கிற எம்மிங்கும், பட்டனும் இன்னும் கைதான். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். “கல்யாணமான மறுவாரத்திலிருந்து” என்றார். “இதை ஏன் கேட்கிறாய்? உங்கள் அப்பாதானே தையல்காரர்?”

எனக்கும் காஜா கற்றுக்கொடுங்கள் என்றேன். சிரித்துவிட்டு ஒரு பழைய துணியைக் கொடுத்தார். மூன்று எடுத்தேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்று வாய் பிளந்திருந்தது. ஒன்றில் பட்டன் நுழையவே இல்லை. மூன்றாவது எனக்குப் பரவாயில்லை என்று பட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் மூன்றையும் பிரித்துவிட்டு நூலை மடியில் சுற்றி வைத்துக்கொண்டார். நூலை ஏன் வீணாக்க வேண்டும்?

அன்றிரவே இரண்டாவது முறை எழுதினேன். இந்தத் தடவை கடகட இல்லை, கண்ணீர் இல்லை. அப்பா காலர் பொருத்துவது ஒரு பக்கத்துக்கு வருகிறது, ஞாயிறு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். நான் நின்றால் கை ஓடவில்லை என்று இரண்டு தடவை விரட்டினார். ஐந்து நிறச் சட்டையும் எதிர்வீட்டுப் பையனும் வருகிறார்கள். அம்மா விளக்கடியில் உட்கார்ந்து கொக்கி வைக்கிறார், நடுநடுவே எழுந்து அடுப்பில் அதிரசம் திருப்புகிறார். எண்ணெய்க் கை துணியில் படாமல் ஒவ்வொரு தடவையும் சீயக்காய் போட்டுக் கழுவுகிறார். இது அவர் சொல்லித்தான் தெரியும்.

அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். தன் பெயர் எங்கே வருகிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் படித்தார். பிறகு கேட்டார்: “நான் எப்போது பெருமூச்சு விட்டேன்?”

ஆமாம், எழுதியிருந்தேன். ‘பெருமூச்சு விட்டபடி ஊசியில் நூல் கோத்தாள்’ என்று. கை தன்னாலே எழுதிவிட்டது.


வடகரை எழுதியது:

பெருமூச்சு விடாத தாயைத் தமிழில் எழுதுவது மிகக் கடினம். நானும் முயன்று தோற்றவன்.


கட்டைவிரல் எழுதியது:

அந்தப் பெருமூச்சை எடுத்துவிட்டால் அடுத்த வருடம் பரிசும் போய்விடும், யோசித்துக்கொள். நடுவர்கள் மாறவில்லை.

கிண்டல் ஒருபுறம். நான் முன்பு சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன், மீதியில் நிற்கிறேன். அப்பா சாக்குக் கட்டியால் குறி போட்டதைக் கதைக்கு விமர்சனமாக எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. ‘என்னைப் பாவமாக எழுதிவிட்டாய்’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத மனிதர் மெஷின் சத்தத்தைப் பற்றிப் பேசினார். அவர் சொன்ன மூன்றையும் திருத்திவிட்டு அந்த வருத்தத்தைத் திருத்தாமல் விட்டால் ஒரு பயனும் இல்லை. அதற்குக் கற்பனைதான் வேண்டும், தகவல் போதாது. அம்மா கேட்டதும் இதுவேதான்.


ஈரோட்டுக்காரி எழுதியது:

கட்டைவிரல் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். தேதியைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, படிப்பது கெடுக்குமா என்று தொடக்கத்தில் கேட்டாய். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை படித்தது கெடுக்கும். அழகிரிசாமியைத் திரும்பப் படித்ததால்தானே உன் சட்டை உனக்குத் திரும்பக் கிடைத்தது? அவருடைய ‘அன்பளிப்பு’ம் கிடைத்தால் படி. பிள்ளைகளுக்கு டைரி கிடைக்கிறது, ஆசைப்பட்ட ஒரு பையனுக்கு இல்லை. அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொன்னால் புதுப்பேட்டைக்காரர் மறுபடியும் சண்டைக்கு வருவார். அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.


புதுப்பேட்டை எழுதியது:

சொல்லாமல் விட்டதற்கு நன்றி ஐயா. இரண்டு கதையையும் படித்துவிட்டேன். சண்டை இல்லை.


நூல்கண்டு எழுதியது:

‘அன்பளிப்பு’ நேற்று பஸ்ஸில் படித்தேன். இடைசெவலில் விழித்திருந்தேன், ஐயா. ஒரு டீக்கடை, வேப்பமரம், கரிசல் காடு, அதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

கட்டைவிரல் அண்ணா, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டாவது பிரதியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா நேற்று போனில் சொன்னார், குறி எதுவும் போடவில்லையாம். காலர் வரும் பக்கத்தை மட்டும் கடைக்கு வந்த ஒருவரிடம் எடுத்துக் காட்டினாராம்.

மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெருமூச்சை எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்கு, ‘ஐந்து கொக்கியும் வைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்’ என்று இருக்கிறது.


ஈரோட்டுக்காரி எழுதியது:

பல்லால் அறுப்பது சரி. எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஆனால் ஐந்து கொக்கி என்கிறீர்களே, ஜாக்கெட்டுக்கு எங்கள் பக்கம் ஆறு வைப்பார்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?


நூல்கண்டு எழுதியது:

இல்லை அக்கா. இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.